வாய்க்காலும் நிலமும் இணையுமிடம்

நீர் தாழ்விடம் நாடுவது இயற்கை. அதற்கு வழி வகுத்தல் மாந்தர் கடன். எமது ஒழுங்கை முகப்பில் முன்னர் வெட்டப்பட்ட வெள்ளவாய்க்கால் பார்வைக்கு நேர்த்தியாகவே இருந்தது. ஆயின், அதன் அடி, நீர் சென்று சேரவேண்டிய மதகின் அடியிலும் ஒரு முழம் தாழ்ந்திருந்தது. மாரி காலத்தில் நீர் மதகைக் கடக்கமாட்டாது தேங்கி, அயல் முற்றங்களுட் புகுந்தது. இத்தகைய குறையை மண்வெட்டி எடுக்குமுன்னரே காணும் முறையை, எம்மிடம் தமிழ் கற்றுப் பின் பொறியியலாளரான பழைய மாணவர் ஒருவர், சிவில் 3டி என்னும் கணினி மென்பொருளில் எமக்குக் காட்டினார். அதனை மாணவர் பொருட்டு ஈண்டு விளக்குவாம்.

அளந்த புள்ளிகளை முக்கோணிகளாக இணைத்து, உள்ள நிலத்தின் மேற்பரப்பைக் கணினி ஆக்கும். வீதியும் வாய்க்காலும் அடங்கிய குறுக்குவெட்டை வீதியின் நடுக்கோட்டு வழியே கொண்டுசெல்ல, அமைக்கவிருக்கும் மேற்பரப்பு தோன்றும். இவ்விரண்டும் சந்திக்கும் கோடே இப்பாடத்தின் பொருள்.

ஓர் உதாரணம் கொள்வோம். வாய்க்காலடியின் வெளிவிளிம்பு 2.40 மீற்றர் மட்டத்தில் உள்ளது. அதற்கு நேர்மேலே நிலமட்டம் 3.00 மீற்றர். வெளிக்கரையோ 2 மீற்றர் கிடைத்தூரத்துக்கு 1 மீற்றர் உயர்வது. நிலம் சமதளமாயின், கரை 1.20 மீற்றர் தூரத்தில் நிலத்தைத் தொடும். நிலம் அப்பால் 10க்கு 1 எனத் தாழின் 1.00 மீற்றரிலும், அவ்வாறே உயரின் 1.50 மீற்றரிலும் தொடும். ஆகவே, கரையின் அகலத்தை முன்னரே நிலைப்படுத்தல் தவறு. சாய்வை மாத்திரம் கொடுத்து, உள்ள நிலத்தை இலக்காகக் காட்டினால், தொடுமிடத்தை ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் கணினியே காணும்.

இனிக் கவனிக்கத்தக்கன மூன்று. முதலாவது, வாய்க்காலின் அடியையும் விளிம்புகளையும் முறிவுக்கோடுகளாகக் கொடுத்தல் வேண்டும். இன்றேல் முக்கோணிகள் கரைவிட்டுக் கரை தாவி, வாய்க்காலைத் தூர்த்துவிடும். இரண்டாவது, படலை வாயிலிலும் மதகிலும் வளைவிலும் குறுக்குவெட்டுகளை நெருக்கமாக எடுத்தல் வேண்டும். மதகின் அடிமட்டத்தை அளந்தறிந்து, வாய்க்காலடி அதனை நோக்கி இறங்குமாறு அமைத்தல் வேண்டும். மூன்றாவது, புதிய மேற்பரப்புக்குக் கரை தொடும் கோட்டையே எல்லையாக்கி, உள்ள நிலத்தை முதலிலும் புதியதை அதன் மேலுமாக ஒட்டுதல் வேண்டும். வரிசை மாறின், பழைய நிலமே மேலே நின்று வாய்க்காலை மறைக்கும்.

இவை முடிந்தபின், மேற்பரப்பின் ஓரிடத்தில் ஒரு நீர்த்துளியை இட்டாற்போல, அது ஓடும் பாதையைக் கணினியில் வரைந்து பார்க்கலாம். பாதை மதகைச் சேராது இடையில் நிற்குமாயின், பிழை அவ்விடத்ததே. எனினும், அளவை பிழைத்திருப்பின் கணினியும் அப்பிழையையே அழகுற வரையும் என்பதை மறத்தலாகாது.

இரு சொற்கள் புணருமிடத்து இலக்கணம் வழுவின் பொருள் மயங்கும்; இரு பரப்புகள் சேருமிடத்து மட்டம் வழுவின் முற்றம் மூழ்கும். ஆதலின், வரைபடம் ஆக்கும் மாணவர் திரையளவில் நிறைவுறாது, ஒரு மழை நாளில் அவ்விடஞ் சென்று, நீர் ஓடும் வழியைத் தம் கண்ணாலும் கண்டு வருவாராக.