பச்சை மரம் விறகாகும் வரை

நுழையும்முன்

கூரைமேல் சாய்ந்த கிளையைக் கழிப்பதும், கழித்ததை விறகாக்கி விற்பதும் ஒரே தொழிலின் இரண்டு பாதிகள். முதற்பாதி அன்றைக்கே கூலி தரும். மறுபாதி பல மாதங்கள் கழித்தே பணம் தரும். கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியை இடமாகக் கொண்டு, அத்தொழிலைத் தாமே நடத்துவோர் அறிந்திருக்க வேண்டியவற்றை இப்பாடம் கூறுகிறது.

விறகால் எழுந்த ஊர்

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலார் தங்கவயலில் சுரங்கப் பணியை ஏற்றனர். மைசூர் சுரங்கம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் பெருகின. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து, மூங்கில் தட்டிகளால் வேய்ந்த வரிசை வீடுகளில் குடியேறினர். ஊரைப் பற்றிப் பேசுவோர் பொன்னைப் பற்றியே பேசுவர். அப்பொன்னை மேலே தூக்கிய நீராவி எந்திரங்கள் எதனைத் தின்றன என்பதைப் பெரும்பாலோர் நினைப்பதில்லை. அவற்றின் கொதிகலன்கள் நிலக்கரியோடு விறகையும் தின்றன. நிலத்தடியில் குடைந்த இடங்கள் சரியாமல் இருக்க முட்டுக்கொடுத்தவையும் தொடக்கக் காலத்தில் மரங்களே. கருங்கல் சுவர்கள் பின்னர் வந்தன.

1902இல் காவிரியாற்றின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அவ்வளவு நீண்ட தொலைவுக்கு மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டது அக்காலத்தில் வியப்புக்குரிய செய்தி. அதன்பின் எந்திரங்களுக்கு விறகு வேண்டியதில்லை. அடுப்புகளுக்கு மட்டும் வேண்டியிருந்தது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மாதந்தோறும் சம்பளம் பெற்றுப் பழகிய குடும்பங்கள் அதனை இழந்தன. பலர் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறி நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று திரும்பும் வாழ்க்கையை மேற்கொண்டனர். ஊரிலேயே தங்க விரும்பியவர் தமக்கென ஒரு தொழிலைத் தேட வேண்டியிருந்தது. சம்பளக்காரருக்கு மாதம் பிறந்தால் பணம் வரும். சொந்தத் தொழிலில் எப்பணம் எந்த மாதத்தில் வரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்தாக வேண்டும். மரத்தொழிலில் இவ்வெண்ணம் மிகவும் தேவை.

வெட்டுவதா, விடுவதா

மைசூர் மைன்ஸில் ஒருவர் இத்தொழிலைத் தொடங்குகிறார் எனக் கொள்க. அவரிடம் ஒரு கோடாரி, இரண்டு கைவாள், இரும்பு ஆப்பு, சம்மட்டி, நீண்ட வடம், பழைய மோட்டார் ரம்பம் ஒன்று ஆகியவை உள்ளன. ஒரு வீட்டின் பின்புறத்தில் பெரிய புளியமரம். அதன் கிளையொன்று ஓட்டின்மேல் உரசுகிறது. வீட்டுக்கார மூதாட்டி அவரை அழைக்கிறார்.

“தம்பி, ஒவ்வொரு காற்றுக்கும் ஓடு விழுகிறது. மரத்தை அடியோடு சாய்த்துவிடு.”

“அம்மா, ஓட்டின்மேல் கிடப்பது ஒரே கிளைதான். அதை மட்டும் எடுத்தால் போதும். மரம் நன்றாக இருக்கிறது, காயும் தருகிறது.”

இத்தொழிலின் கடுமையான சோதனை இவ்விடத்தில்தான் உள்ளது. கிளையை மட்டும் கழித்தால் ஒரு நாள் கூலியும் ஒரு சிறு கட்டு விறகும் கிடைக்கும். மரத்தையே சாய்த்தால் வண்டி வண்டியாக விறகு கிடைக்கும். மரத்தைப் பற்றி அறிவுரை கூறுபவரும் அதன் விறகை விற்பவரும் ஒருவரே. மருத்துவரே மருந்துக்கடையும் வைத்திருப்பது போன்ற நிலை இது. மூதாட்டி கேட்டதற்குத் தலையசைத்திருந்தால் அவரைக் குறை கூற எவரும் இருந்திருக்கமாட்டார். ஆயினும் அம்மரம் நின்றால் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை அதே வீட்டில் வேலை உண்டு. அண்டை வீட்டாரும் அவரையே அழைப்பர்.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி, தம் நிலத்தில் நிற்கும் மரமாயினும் அதனை வெட்டுவதற்கு மர அலுவலரின் முன் அனுமதி வேண்டும். தென்னை, சவுக்கு, தைலமரம், சில்வர் ஓக், சுபாபுல் முதலிய சில மரங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. புளி அப்பட்டியலில் இல்லை. மின்கம்பியை ஒட்டிய கிளையாயின் முதலில் மின்வாரியத்தாரிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பின்னரே ஏறுதல் வேண்டும். பச்சைக் கிளையினூடே மின்சாரம் பாயும்; அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர் அன்றோ!

மூன்று வெட்டு

கனத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டில் அறுத்தால், பாதி அறுக்கும்போதே அது தன் எடையால் முறிந்து, அடிமரத்தின் பட்டையைக் கீழ்நோக்கி உரித்துக்கொண்டு விழும். ஆகவே அறிந்தவர் மூன்று முறை வெட்டுவர். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் சிறிது ஆழம் அறுப்பது முதல் வெட்டு. அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுப்பது இரண்டாவது. கிளை பட்டையை உரிக்காமல் விழுந்துவிடும். எஞ்சிய முளையை எடுப்பது மூன்றாவது.

அம்மூன்றாம் வெட்டில்தான் மரத்தின் ஆயுள் அடங்கியுள்ளது. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சிறிது புடைத்த வளையம் ஒன்று காணப்படும். அவ்வளையத்தை விட்டு, அதற்கு வெளியே ஒட்டி அறுக்க வேண்டும். வளையத்தோடு சேர்த்து மழமழவென்று அறுப்பது பார்வைக்கு அழகாக இருக்கலாம்; ஆனால் புண் பெரிதாகி அழுகல் உள்ளே புகும். முளையை நீளமாக விட்டாலும் அது செத்து, அழுகலுக்கு வழியாகும். அமெரிக்க நாட்டு வனத்துறை அறிவியலர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்து இதனை விளக்கினார். மனிதரின் தோல் புண்ணை ஆற்றுவது போல மரம் ஆற்றுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதனை உள்ளேயே அடைத்துவிட்டுப் புதிய மரத்தை வெளியே வளர்க்கிறது. வெட்டிய இடத்தில் தார் பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் அவர் காட்டினார். நம் ஊர்களில் தார்ச்சட்டியோடு நிற்போர் இன்னும் இருக்கின்றனர்.

விறகு என்னும் சொல்

தமிழ் மரத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறது. அடிமரத்திலிருந்து பிரியும் பெருங்கிளை கவை; அதன் பிரிவு கொம்பு; பின்னர்க் கிளை, சினை, போத்து, குச்சி, இணுக்கு என்று சிறுத்துச் செல்லும். காய்ந்தபின் பெயர்கள் மாறுகின்றன. காய்ந்த குச்சி சுள்ளி. காய்ந்த சிறுகிளை விறகு. காய்ந்த கொம்பும் கவையும் அடியும் கட்டை. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இச்சொற்களை இவ்வாறு வகைப்படுத்தியுள்ளார். விறகு என்னும் சொல்லுக்குள்ளேயே காய்ந்தது என்னும் பொருள் இருப்பதை நோக்குக. பச்சை மரம் இன்னும் விறகு ஆகவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. விறகு எடையில் விற்கப்படுவதால் பணக்கணக்கும் ஆகும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். 1,000 கிலோ பச்சை மரத்தில் மரப்பொருள் 500 கிலோ, தண்ணீர் 500 கிலோ எனக் கொள்க. நன்றாகக் காய்ந்த விறகில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அப்போது அதே மரம் 625 கிலோதான் நிறுக்கும். 375 கிலோ காற்றோடு போய்விட்டது.

பச்சையாக நிறுத்துக் கொடுத்தால் தண்ணீருக்கும் விலை கிடைக்கும். வாங்கியவரோ அத்தண்ணீரை எரிக்க வேண்டியிருக்கும். கொதிநிலையை அடைந்த ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 540 கிலோ கலோரி வெப்பம் வீணாகும். அடுப்பு புகையும், சமையற்காரர் கண்ணைக் கசக்குவார், அடுத்த முறை வேறு கடைக்குச் செல்வார். தராசில் ஏமாற்றாமலேயே ஏமாற்றக்கூடிய பொருள்களுள் விறகும் ஒன்று.

உலர்த்தல்

வெட்டிய மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். தைலமரம் காய்ந்தால் முறுக்கேறி ஆப்புக்கும் அசையாது. பிளந்த கட்டைகள், பட்டை மூடிய உருண்டைக் கட்டைகளைவிட விரைவில் காயும். தரையில் நேரே அடுக்கினால் ஈரமும் கரையானும் ஏறும். ஆகையால் கீழே கல்லோ கழியோ இட்டு, காற்றுப் புகும்படி இடைவிட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட வேண்டும். நான்கு பக்கமும் தார்ப்பாயால் மூடுவோர் விறகைக் காப்பதாக நினைத்துப் பூஞ்சையை வளர்க்கின்றனர். காய்ந்த கட்டைகள் இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பச்சைக் கட்டை மந்தமாக ஒலிக்கும். முனைகளில் வெடிப்பு ஓடியிருப்பதும் காய்ந்ததற்கு அடையாளம்.

எல்லா மரமும் ஒரே வகையாக எரிவதில்லை. புளியும் கருவேலும் நின்று எரிந்து நல்ல கங்கு தரும். பேக்கரி அடுப்புக்கும் திருமணச் சமையலுக்கும் அவை உகந்தவை. சவுக்கு சீராக எரியும். முள்முருங்கை எளிதில் வெட்டுப்படும். எரித்தால் வெப்பம் குறைவு. தைலமரத்தில் எண்ணெய் உண்டாதலால் தீ விரைவில் பற்றும்.

கோலார் மாவட்டத்தில் தைலமரத்துக்குத் தனி வரலாறு உண்டு. திப்பு சுல்தான் காலத்தில், 1790ஆம் ஆண்டை ஒட்டி, அது நந்தி மலையில் நடப்பட்டது என்பர். அம்மலையின் பெயரைத் தங்கவயலின் சுரங்கங்களுள் ஒன்றும் தாங்கியிருந்தது. 1980களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ் அம்மரம் மாவட்டமெங்கும் பரவியது. வெட்டினாலும் அடித்தூறு மீண்டும் துளிர்ப்பதால் உழவர் அதனை விரும்பினர். நிலத்தடி நீர் குறைவதைக் கண்ட மாநில அரசு, 2017இல் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது.

இரண்டு கணக்கு

சித்திரை, வைகாசி மாதங்களில் கோடைமழையோடு காற்று வீசும். மயில்கொன்றை போன்ற வலுவற்ற மரங்கள் முறியும். கிளை கழிக்கும் வேலை குவியும். அப்போது கிடைக்கும் கூலியே அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ரம்பத்தின் பெட்ரோலுக்கும். அந்நாளில் வெட்டிய மரம் ஆவணி, புரட்டாசி மழைக்கு முன் தகரத்தின்கீழ்ப் போய்ச் சேர்ந்தால், தை பிறந்து திருமணங்கள் தொடங்கும்போது விறகாக விலைபோகும். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. விறகு கேட்போரும் குறைவு.

ஆகவே இத்தொழிலர் இரண்டு குறிப்பேடு வைத்திருப்பது நன்று. ஒன்றில் அன்றாடக் கூலியும் செலவும். மற்றொன்றில் எந்த அடுக்கு எந்த மாதத்தில் வெட்டியது, என்ன மரம், எப்போது விற்கத்தக்கது என்பவை. மாத முடிவில் கை காலியாகும்போது, முற்றத்தில் பாதி காய்ந்த அடுக்கு கண்ணெதிரே நிற்கும். செங்கற்சூளைக்காரர் வந்து, “பச்சையாய் இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொள்கிறேன்” என்று குறைந்த விலை கூறுவார். அன்று எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதை இரண்டாம் குறிப்பேட்டைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

வடம் – தடித்த கயிறு
ஆப்பு – மரம் பிளக்க இடையில் அடிக்கும் கூரிய துண்டு
தூறு – வெட்டியபின் நிலத்தில் எஞ்சும் அடிப்பகுதி
கங்கு – தணல்
உகந்த – ஏற்ற

பயிற்சி

1. நீராவி எந்திரங்கள் இயங்கிய காலத்தில் தங்கவயலில் மரம் எவ்வெவற்றுக்குப் பயன்பட்டது?

2. மூதாட்டியின் புளியமரத்தை அடியோடு வெட்ட அவர் ஏன் உடன்படவில்லை? அம்முடிவால் அவர் இழந்தது யாது?

3. 800 கிலோ பச்சை மரத்தில் பாதி தண்ணீர். தண்ணீர் ஐந்தில் ஒரு பங்காகும் வரை அது காய்ந்தால் எடை எவ்வளவு இருக்கும்?

4. கன்னடத்தில் விறகைச் ‘சௌதே’ என்பர். மரத்தை ‘மர’ என்பர். கோடாரி, கயிறு, கிளை ஆகியவற்றுக்குரிய கன்னட, தெலுங்குச் சொற்களை அண்டை வீட்டாரிடம் கேட்டு, தமிழ்ச் சொற்களோடு ஒப்பிட்டு எழுதுக.

5. செங்கற்சூளைக்காரருக்கும் விறகு விற்பவருக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.