அறுந்த உறுப்பும் ஐஸ் பையும்

தலைப்பைப் பார்த்துச் சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிட்டு வாங்க மக்களே. ஆணுறுப்பு அறுந்துபோனால் திரும்ப ஒட்டவைக்க முடியுமா? முடியும்.

நமக்கு எதுக்கு இதுன்னு கேட்கலாம். குரும்பகரம் பக்கம் அறுவடை நேரத்துல வயலுக்குப் போய்ப் பாருங்க. ஓடுற பெல்ட்டுக்குப் பக்கத்துலயே கைலியோட நிற்பாங்க. சுழலும் தண்டில் துணி சிக்கினால் அதோடு தொடையிடுக்குத் தோலும் உரிந்துபோகும். மனநோயின் பிடியில் தாங்களே வெட்டிக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒட்டவைக்கத்தான் பார்ப்பார்கள். மனநல மருத்துவரும் முதல் நாளிலிருந்தே கூட இருப்பார்.

தாய்லாந்தில் 1970களில் கோபப்பட்ட மனைவிகள் கணவனின் உறுப்பை வெட்டுவது ஒரு தொற்று மாதிரியே பரவியது. பாங்காக் சிரிராஜ் மருத்துவமனை மருத்துவர்கள் தாங்கள் ஒட்டவைத்த 18 பேரைப் பற்றி 1983இல் கட்டுரையே எழுதினார்கள்.

வெறுமனே தைத்தாலும் சில நேரம் பிடிக்கும். ஆனால் தோல் அழுகும், உணர்ச்சி போகும். 1965இல் ஜப்பானின் நாராவில் கொமாட்சு, தமாய் இருவரும் அறுந்த கட்டைவிரலை நுண்ணோக்கி வழியே இணைத்தார்கள். அதே வழி 1970களின் பிற்பகுதியில் இங்கேயும் வந்தது. முதலில் சிறுநீர்க் குழாய், அப்புறம் பஞ்சு போன்ற திசு, பிறகு தமனி, சிரை, நரம்பு. தையல் நூல் தலைமுடியைவிட மெல்லியது.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச பாய்சொய் சமன்பாடுதான். ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தையலில் ஆரம் பாதியானால் ரத்த ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு! பெரும்பாலும் மக்கர் பண்ணுவது சிரைதான். ரத்தம் உள்ளே வரும், வெளியே போகாது. உறுப்பு வீங்கிக் கறுக்கும். அப்போ மருத்துவ அட்டையை விட்டு உறிஞ்ச வைப்பாங்க. (நடவு வயல் அட்டையைப் பிடிச்சிட்டுப் போயிடாதீங்க, அது வேற.) நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. தான் வளரும். உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் ஆகும். சிறுநீர்ப் பாதை பின்னாளில் சுருங்கவும் வாய்ப்புண்டு.

இதெல்லாம் டாக்டர் வேலை. நம்ம வேலை அதுக்கு முன்னாடி. சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்க. கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிடாதீங்க. அறுந்த பாகத்தை லேசாகக் கழுவி, நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணியில் வைக்கணும். நேரடியாக ஐஸில் வைத்தால் செல்கள் உறைந்து செத்துவிடும். குளிர வைக்காவிட்டால் கையில் இருப்பது சுமார் 6 மணி நேரம். வைத்தால் 16 வரை தாங்கும். காரைக்காலிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் சுமார் 130 கி.மீ. வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் இந்த 6 மணி நேரத்திலிருந்துதான் கழியும்.