மையில் எஞ்சிய ஆலயம்

தென்காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தை இன்று காணும் சிறார், அது பாண்டியர் காலந்தொட்டு அவ்வாறே நிற்பதாக எண்ணுவர். அச்சன்புதூரிலிருந்து பேருந்தில் சென்று என் இளமையில் நான் கண்டது மொட்டைக் கோபுரமே. பழைய கோபுரம் 1924இல் இடி தாக்கிப் பாழாயிற்று. இப்போதுள்ளது 1990இல் குடமுழுக்குக் கண்டது. கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதற்குக் குறை நேரின் அதனை நீக்கிக் காப்பவரை வணங்குவதாகக் கல்லில் பொறித்துச் சென்றான். என்னே அவன் முன்னறிவு! ஆனால் பழைய கோபுரம் எவ்வாறிருந்தது என்று வகுப்பில் ஒரு மாணவி வினவியபோது, எடுத்துக்காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை.

கொரியா நாட்டு ஓவியர் ஜியோங் சியோன் (1676-1759) இவ்வகையில் நமக்கு ஆசான் ஆவார். அக்காலத்து ஓவியர் பலர் சீனத்து மலைகளைக் கற்பனையில் தீட்ட, இவர் தம் நாட்டு மலைகளை நேரிற் கண்டு வரைந்தார். கும்காங் என்னும் வச்சிர மலையை அவர் மையும் மெல்லிய வண்ணமும் கொண்டு தீட்டிய படத்தில் 1734ஆம் ஆண்டின் குளிர்காலம் குறிக்கப்பட்டுள்ளது. இலையுதிர்ந்து பாறை மட்டும் தோன்றும் அப்பருவத்தில் அம்மலைக்கு 'எலும்பு மலை' என்றே பெயர். செங்குத்தான மைக்கோடுகளுக்கு இடையே விடப்பட்ட வெண்மையே பாறையாகிறது. கீழே இடப்புற மூலையில் சிறிதாக ஜாங்கான்சா என்னும் பழம் பௌத்த ஆலயம். 1950-53 கொரியப் போரில் அவ்வாலயம் அழிந்தது. மூலையிலிருந்த அச்சிறு வடிவம் இன்றும் படத்தில் இருக்கின்றது.

நம் நாட்டில் இப்பணியைச் செய்தவர் நாமக்கல்லில் 1919இல் பிறந்த 'சில்பி' பி. எம். சீனிவாசன். ஆனந்த விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரிசைக்காக ஊர் ஊராகச் சென்று, கோயில்களிலேயே அமர்ந்து சிற்பங்களையும் கோபுரங்களையும் வரைந்தார். நிழற்படம் இருக்க இது எதற்கு என்பாரும் உளர். நிழற்படம் இருளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சேர்த்தே பிடிக்கும். சில்பியின் கோடோ அணிகலனின் ஒவ்வொரு மணியையும் பிரித்துக் காட்டும். கொரியரின் வெற்றுத்தாள் பாறையும் பனியும் ஆயிற்று. இவருடைய வெற்றுத்தாள் நம் வெயில் ஆயிற்று.

நம் ஜினாலயங்கள் பலவற்றில் திருப்பணி நடைபெறுகிறது. மகிழ்ச்சியே. எனினும் பழைய சுதை உருவங்கள்மேல் பளபளக்கும் வண்ணம் ஏறியபின், முன்னிருந்த முகத்தை யார் சொல்வார்? ஆதலின் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் சிறார்க்கு ஒரு பயிற்சி. ஒரு தாள், ஒரு பென்சில், கறுப்பு மை போதும். காலை வெயில் சாய்வாக விழும்போது அமர்க. நிலைகளை எண்ணியபின் வரைக. இல்லாத அழகைச் சேர்க்க வேண்டா. உடைந்த மூக்கை உடைந்தவாறே காட்டுக. மானஸ்தம்பத்தில் நிழல் படியும் பக்கத்தை முதலில் கருமையாக்கி, ஒளிபடும் பக்கத்தில் தாளை அப்படியே விடுக. அமர்ந்த இடத்தையும் நாளையும் அடியில் எழுதுக.