கடுங்குளிரும் காப்புடையும்

நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, கனடா முதலிய வடபுல நாடுகளில் குளிர்காலம் பல திங்கள் நீடிக்கும். ஏரிகள் உறைந்து பாறைபோல் இறுகும். நிலமெங்கும் வெண்பனி மூடிக் கிடக்கும். ஆயினும் அந்நாட்டு மக்கள் கதவடைத்து வீட்டினுள் முடங்கிக் கிடப்பதில்லை. சிறியோரும் பெரியோரும் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டிக் காடுகளினூடே விரைகின்றனர். போட்டிகள் நிகழுமிடங்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்று கண்டு களிக்கின்றனர். அவர்கள் குளிருக்கு அஞ்சாதவர்கள் அல்லர். குளிரின் இயல்பை அறிந்து, அதற்கேற்ப உடுக்கக் கற்றவர்கள்.

அக்கல்வி எத்துணை இன்றியமையாதது என்பதை ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்கும். 1967ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31ஆம் நாள், அமெரிக்காவில் கிரீன் பே என்னும் நகரில் அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தின் இறுதிப்போட்டி ஒன்று நடைபெற்றது. அன்று வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 25 பாகை செல்சியசாக இருந்தது. ஆடுகளத்தைச் சூடாக்க அமைத்திருந்த கருவியும் பயன்படவில்லை. ஈரம் உறைந்து தரை பனிக்கட்டியாயிற்று. நடுவர் ஆட்டத்தைத் தொடங்க உலோக ஊதலை ஊதினார். அஃது அவர் உதட்டில் உறைந்து ஒட்டிக்கொண்டது. அதனைப் பிடுங்கியபோது தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர் நடுவர்கள் குரலெழுப்பியே ஆட்டத்தை நடத்தினர். இசைக்குழுவினரின் ஊதுகருவிகள் உறைந்துபோயின. அக்குழுவினர் எழுவர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 50,000 பேருக்கு மேற்பட்டோர் அக்குளிரில் அமர்ந்து ஆட்டத்தைக் கண்டனர். ஆடியவர்களுக்கு மட்டுமன்றி, வாளா அமர்ந்து பார்த்தவர்களுக்கும் காப்புடை தேவைப்பட்டது.

ஆடை வெப்பத்தைத் தருவதன்று. உடலில் பிறக்கும் வெப்பத்தை வெளியே போகவொட்டாமல் காப்பதே அதன் தொழில். நூலிழைகளுக்கிடையே அசைவற்று நிற்கும் காற்றே உண்மையான காவலன். ஆதலின் தடித்த ஓர் ஆடையினும், காற்றை இடையே தாங்கும் மெல்லிய ஆடைகள் சிலவே சிறந்தவை. இக்காவலைக் குலைக்கும் பகைகள் இரண்டு. ஒன்று காற்றோட்டம், மற்றொன்று ஈரம்.

காற்று வீசும்போது உடலைச் சூழ்ந்துள்ள வெதுவெதுப்பான காற்றுப் படலம் கலைந்துபோகிறது. சைப்பிள், பாசெல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1941ஆம் ஆண்டில் தென்துருவக் கண்டத்தில், சிறு குழாயில் இட்ட நீர் உறைவதற்கு ஆகும் நேரத்தை அளந்து, காற்றின் விரைவு மிக மிக வெப்ப இழப்பும் மிகுவதைக் கணக்கிட்டனர். இன்று வழங்கும் கணக்கின்படி, உறைநிலைக்குக் கீழே 20 பாகைக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் காற்று வீசினால், திறந்த முகம் 33 பாகைக் குளிரில் இருப்பதுபோல் வெப்பத்தை இழக்கும்.

ஈரம் அதனினும் கொடியது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். ஓடுபவன் உடலிற் பெருகும் வியர்வை ஆடையில் தங்கிவிட்டால், அவன் நின்ற மறுகணமே குளிர் அவனைப் பற்றுகிறது. இதனாலேயே பருத்தியாடையை உடலை ஒட்டி அணிதல் ஆகாது. அது வியர்வையை உறிஞ்சி ஈரத்தோடு கிடக்கும். உட்புறத்தே மெல்லிய கம்பளியோ செயற்கையிழை ஆடையோ, நடுவே வெப்பம் காக்கும் கம்பளி, மேலே காற்றுப் புகாத அங்கி என மூன்றடுக்காக உடுத்தலே முறை. உழைக்கும் உடல் ஓய்ந்திருக்கும் உடலைவிடப் பன்மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். ஆகையால் ஓடப் புறப்படுபவன் தொடக்கத்தில் சிறிது குளிரை உணரும் அளவே உடுத்தல் வேண்டும். உடல் சூடேறியதும் கழுத்துப் பட்டையைத் தளர்த்த வேண்டும்.

இவ்வுண்மையை எஸ்கிமோக்கள் என முன்னர் அழைக்கப்பட்ட இன்யூட் மக்கள் நூல்களின் துணையின்றியே அறிந்திருந்தனர். அவர்கள் பனிமான் தோலாடை இரண்டினை, உள்ளாடையின் மயிர் உடலை நோக்கவும் மேலாடையின் மயிர் வெளியே நோக்கவும், தளர்வாக அணிந்தனர். நார்வே நாட்டு அமுண்ட்சென் 1903 முதல் 1906 வரை வடபுலக் கடற்பயணத்தை மேற்கொண்டபோது, அம்மக்களிடையே வாழ்ந்து இக்கலையைக் கற்றார். 1911ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் அவரும் தோழர் நால்வரும் தென்துருவத்தை அடைந்து, ஐவரும் உயிருடன் மீண்டனர். கற்றுக்கொள்ளத் தயங்காத பணிவும் அவ்வெற்றிக்குத் துணையாயிற்று.

நின்று பார்ப்பவன் நிலை வேறு. அவன் உடலில் உழைப்பின் வெப்பம் இல்லை. ஆகவே ஓடுபவனைவிட மிகுதியாக உடுத்தல் வேண்டும். உறைந்த நிலம் பாதத்தின் வெப்பத்தைக் கவரும். காலடியில் மரப்பலகையோ தடித்த அட்டையோ இடுதல் நன்று. இறுக்கமான காலணி குருதியோட்டத்தைத் தடுக்கும். விரல்கள் அசைய இடமுள்ளதே ஏற்றது. விரல்கள் ஒருங்கே தங்கும் பைபோன்ற கையுறை, தனித்தனி விரலுடைய கையுறையினும் வெம்மை காக்கும். மது குடித்தால் உடல் சூடேறும் என்பது மயக்கம். அது தோலின் குருதிக்குழாய்களை விரித்து, உள்வெப்பத்தை வெளியேற்றிவிடும்.

மூக்கு நுனியும் செவியும் வெளுத்து உணர்விழத்தல் உறைபுண்ணின் அறிகுறி. உணர்வு மடிவதால் உற்றவன் அதனை அறியான், அருகிருப்பவனே காண்பான். ஆகவே குளிரில் செல்வோர் ஒருவர் முகத்தை ஒருவர் அடிக்கடி நோக்குதல் வேண்டும். உறைந்த இடத்தைப் பனியால் தேய்த்தல் பெருந்தவறு. காப்பான இடத்திற்குச் சென்று, மீண்டும் உறையாதென்ற நிலையில் வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்த வேண்டும். நடுக்கம் மிகுந்து பேச்சுக் குழறினால் உயிருக்கே இடர் எனக் கொண்டு மருத்துவரை நாடவேண்டும்.

திறமை மிக்க வீரர்க்கும் எல்லை உண்டு. பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் விதிப்படி, நெடுந்தொலைவுப் பந்தயப் பாதையின் மிகக் குளிர்ந்த இடத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகையினும் தாழ்ந்தால் பந்தயம் ஒத்திவைக்கப்படும் அல்லது கைவிடப்படும். இது கோழைமையன்று. இயற்கையை எதிர்த்து வீம்பு பேசுவோன் வீரன் அல்லன். அதன் வலிமையை அறிந்து, வருமுன் காத்து, தன்னோடு வந்தவனையும் காப்பவனே வீரன்.