ரூம் ஹீட்டரும் வீட்டு மின்சுற்றும்: நோயாளியின் அறைக்கான ஒரு குளிர்காலப் பாடம்

நீலகிரியில் மார்கழியும் தையும் உறைபனிக் காலம். சிகிச்சை முடிந்து உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் உள்ள தம் வீடுகளுக்குத் திரும்பும் முதியோரிடமும், நுரையீரல் மற்றும் இதய நோயாளிகளிடமும், "உடலைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று நாங்கள் தவறாமல் கூறுகிறோம். இதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த காற்று மூச்சுக்குழாய்களைச் சுருக்குகிறது. தோலின் இரத்த நாளங்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தமும் உயர்கிறது. குளிர்காலத்தில் வீட்டின் உள்வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருப்பது நல்லது என உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

இந்த அறிவுரையைக் கேட்ட குடும்பத்தார் பலரும் ஒரு மின் ரூம் ஹீட்டரை வாங்கிக் கட்டிலருகே உள்ள பிளக்கில் செருகிவிடுகின்றனர். மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் குளிர்காய்வதைக் காட்டிலும் இது பலமடங்கு மேலானது. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு. உறங்குபவரை எழுப்பாமலே உயிரைப் பறித்துவிடும். ஆனால், கட்டிலருகே உள்ள அந்தப் பிளக் ஹீட்டரின் சுமையைத் தாங்குமா என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒரு சிறு கணக்கு

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஒரு கருவியின் பின்புறம் குறிக்கப்பட்டுள்ள வாட் அளவை 230-ஆல் வகுத்தால், அது இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியர் அளவில் கிடைக்கும். 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. 1000 வாட்டில் வைத்தால் 4.3 ஆம்பியர். 12 வாட் எல்.இ.டி. விளக்குகள் 160-க்கும் மேற்பட்டவற்றை ஒரே நேரத்தில் எரிப்பதும், ஒரு 2000 வாட் ஹீட்டரை இயக்குவதும் மின்சுமையில் சமம்.

வீட்டுச் சுவரில் இருவகைப் பிளக்குகள் உள்ளன. துளைகள் சிறியதாக உள்ளது 6 ஆம்பியருக்கானது; விளக்கு, மின்விசிறி, கைப்பேசி ஆகியவற்றுக்கு உரியது. துளைகள் பெரியதாக உள்ளது 16 ஆம்பியருக்கானது. இதற்குத் தடிமனான கம்பி இழுக்கப்பட்டிருக்க வேண்டும். 2000 வாட் ஹீட்டருக்கு உரியது இந்தப் பெரிய பிளக் மட்டுமே. பெரிய முனைகளைச் சிறிய துளையில் பொருத்தித்தரும் மாற்றுப் பிளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை முனையின் வடிவத்தைத்தான் மாற்றுகின்றன. சுவருக்குள் செல்லும் கம்பியின் திறனை மாற்றுவதில்லை. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதுவே பொருந்தும். ஹீட்டரை நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் மட்டுமே இணைக்க வேண்டும்.

கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அதாவது, மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பழைய வீடுகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் உள்ள மெல்லிய கம்பிகளுக்கு இது பெருஞ்சோதனை.

எம்.சி.பி. விசை காப்பாற்றாதா?

ஓரளவு காப்பாற்றும், முழுமையாக அன்று. வரம்பைச் சற்றே மீறும் சுமையில் எம்.சி.பி. உடனே விழுவதில்லை. எடுத்துக்காட்டாக, காலையில் 2000 வாட் கீசரும் 2000 வாட் ஹீட்டரும் ஒரே 16 ஆம்பியர் சுற்றில் ஓடினால், மொத்தம் 17.4 ஆம்பியர் ஆகிறது. இவ்வளவு சிறிய மீறலை அந்த விசை ஒரு மணி நேரத்துக்கும் மேல் பொறுத்துக்கொள்ளக்கூடும். எனவே, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகவே பயன்படுத்த வேண்டும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது தளர்ந்த பிளக். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே, 8.7 ஆம்பியர் பாயும்போது அந்தச் சிறு இடத்தில் 38 வாட் வெப்பம் எழும். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சாலிடரிங் கருவியின் வெப்பத்துக்கு இது ஏறத்தாழ நிகர். மின்னோட்டம் வரம்பை மீறாததால் எம்.சி.பி. இதை உணராது, உங்கள் கையும் மூக்குமே உணர வேண்டும். ஹீட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்தபின் பிளக்கின் மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு, பழுப்பு நிறம், கருகிய மணம், சடசடப்பு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அந்தப் பிளக்கைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆக்சிஜன் கருவி உள்ள அறையில்

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி பயன்படுத்தும் நோயாளிகளின் குடும்பத்தார் இப்பகுதியைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டுகிறோம். செறிவூட்டி இழுப்பது ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர்தான். ஆனால் அதுவும் ஹீட்டரும் ஒரே சுற்றில் இருந்தால், ஹீட்டரின் சுமையால் எம்.சி.பி. விழும்போது ஆக்சிஜனும் நின்றுவிடும். நள்ளிரவில், எச்சரிக்கை ஒலி கேட்காத அளவுக்கு அயர்ந்து உறங்கும் முதியவருக்கு இதன் விளைவு கடுமையாக இருக்கலாம். எனவே இரண்டும் தனித்தனிச் சுற்றில் இருக்க வேண்டும். செறிவூட்டிக்கு உரிய எம்.சி.பி. எது என்பதை ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டிவையுங்கள். மின்தடைக்கு மாற்றாக ஆக்சிஜன் உருளை வேண்டுமா என்பதை வீடு திரும்புமுன் எங்களிடம் கேட்டறியுங்கள்.

ஆக்சிஜன் தானே எரிவதில்லை. பிற பொருள்கள் எரிவதை அது வேகப்படுத்துகிறது. நோயாளியின் கம்பளியிலும் உடையிலும் அது தேங்கி நிற்கும். ஆகவே செறிவூட்டி, அதன் குழாய், நோயாளி ஆகிய மூன்றிலிருந்தும் ஹீட்டர் குறைந்தது 3 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். சிவந்து எரியும் கம்பி வெளியே தெரியும் ஹீட்டர் இவ்வறைக்கு ஏற்றதன்று. அறை சிறியதாக இருந்தால், நோயாளி வருமுன் அறையைச் சூடாக்கி, ஹீட்டரை அணைத்து வெளியே எடுத்துவிடுவதே நல்லது.

உணர்வு குறைந்த பாதங்கள்

ஆக்சிஜன் பயன்படுத்தாத அறைகளிலும் திரை, மெத்தை, உடைகளிலிருந்து ஹீட்டருக்குக் குறைந்தது 1 மீட்டர் இடைவெளி வேண்டும். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதங்களில் உணர்வு குறைந்திருக்கும். தோல் 44 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆறு மணி நேரம் இருந்தாலே தீப்புண் உண்டாகும். வலி தெரியாதவர் காலை விலக்கமாட்டார். காலையில் கொப்புளத்தைத்தான் காண்பார். இவர்களுக்குக் கம்பளிக் காலுறையே ஏற்றது. ஹீட்டரின் நேர்முகமாகக் காலை நீட்டி அமரவேண்டா.

இரவு உறங்குமுன்

ஹீட்டரை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்தடை ஏற்பட்டாலும் உடனே இதைச் செய்யுங்கள். இல்லையெனில் மின்சாரம் திரும்பும்போது ஆளில்லாத அறையில் ஹீட்டர் தானே எரியத் தொடங்கும். ஹீட்டரின் மேல் துணி உலர்த்தாதீர்கள். மூன்றாவது முனையான எர்த் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். எம்.சி.பி. விழுந்தால், ஹீட்டரைக் கழற்றிய பின்னரே விசையை உயர்த்துங்கள். மீண்டும் விழுந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். அடிக்கடி விழுகிறதென்று பெரிய எம்.சி.பி. ஒன்றை மாட்டுவது, காய்ச்சல் காட்டுகிறதென்று வெப்பமானியை உடைப்பது போன்றது.

பிளக்கில் தீப்பிடித்தால், நோயாளியை வெளியேற்றுங்கள்; எட்டும் இடத்தில் இருந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள்; தண்ணீர் ஊற்றாதீர்கள்; 101-ஐ அழையுங்கள். தீக்காயம் பட்ட இடத்தை ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, பேனா மை, மஞ்சள் எதையும் பூசாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். கடுமையான காயமாயின் 108-ஐ அழையுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது

நோயாளியின் அறையில் எத்தனைப் பிளக்குகள் உள்ளன, அவற்றுள் எது பெரியது, எந்தெந்தக் கருவிகள் ஒரே எம்.சி.பி.-யில் இயங்குகின்றன என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு கருவியின் வாட் அளவையும் எதிரே குறித்து, 230-ஆல் வகுத்துக் கூட்டிப் பாருங்கள். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டுடன் அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள். அறையில் ஹீட்டரும் ஆக்சிஜன் கருவியும் எங்கே இருக்க வேண்டும் என்பதை உங்களுடன் அமர்ந்து நாங்கள் முடிவு செய்கிறோம்.