மெத்தையில் வாழும் இருவர்: பூஞ்சையும் தூசு உண்ணியும்

அடைமழைக் காலத்தில் ஆஸ்துமா நோயாளிகளின் வீட்டார் பலர் எம்மிடம் கூறுவது இது: “சுவரில் பூசணம் பிடித்திருந்தது, பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைத்துவிட்டோம். ஆயினும் இரவில் இளைப்பு நிற்கவில்லை.” அப்பவுடரின் நெடியே மூச்சுக்குழலை உறுத்தும் என்பது ஒருபுறமிருக்க, சுவரின் ஈரம் மெத்தையிலும் ஓர் உயிரை வளர்த்திருக்கும்.

தூசு உண்ணி, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள எட்டுக்கால் உயிர். அது கடிப்பதில்லை, நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களை உண்டு வாழ்கிறது. நீர் அருந்தாமல் காற்றின் ஈரத்தையே ஈர்த்துக்கொள்வதால், ஈரப்பதம் 50 விழுக்காட்டிற்குக் கீழ் நெடுநாள் நீடித்தால் உலர்ந்து மடிகிறது; 70 முதல் 80 விழுக்காட்டில் பெருகுகிறது. 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் வீட்டுத் தூசு ஒவ்வாமைக்கு இவ்வுயிரே முதன்மைக் காரணம் என்று காட்டினர். ஈரமான வீடுகளில் அது மிகுந்திருந்ததையும் கண்டனர்.

மெத்தைத் தூசில் ‘அஸ்பெர்ஜில்லஸ் பெனிசிலியாய்டிஸ்’ என்னும் பூஞ்சையும் வளர்கிறது. சுவரில் கறுத்துத் தெரியும் பூசணம் அன்று இது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, சிறிதளவு ஈரமே போதும். தோல் செதில்களின் கொழுப்பைச் சிதைத்து, உண்ணிக்கு ஏற்ற உணவாக அவற்றை இது மாற்றுகிறது எனக் கருதப்படுகிறது. உண்ணி இப்பூஞ்சையையும் உண்கிறது. அதன் வித்துகளைச் சுமந்து சென்று பரப்புகிறது. ஆயினும் இந்நட்புக்கு எல்லை உண்டு. பூஞ்சை அளவு மீறி வளர்ந்தால் உண்ணிகளின் பெருக்கம் குன்றிவிடும்.

ஆகவே ஒன்றை மட்டும் அழிக்க முயல்வது பயன் தராது; இரண்டிற்கும் பொதுவான ஈரத்தைக் குறைக்க வேண்டும். கசியும் குழாயையும் தளத்தையும் முதலில் செப்பனிடுங்கள். கசிவின் மேல் வண்ணம் பூசுவது வீண்செலவு. கட்டிலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். மழைநாளில் ஈரத்துணியைப் படுக்கையறைக் கொடியில் உலர்த்தும் வழக்கத்தைக் கைவிடுங்கள். நாங்கள் கேட்டறிந்தவரை, பெரும்பாலோர் மறந்துவிடுவது இதைத்தான்.

வெயிலில் காய்ந்த மெத்தையில் உண்ணிகள் குறையும். ஆனால் ஒவ்வாமையைத் தூண்டுவது பெரிதும் அவற்றின் கழிவு. உண்ணி இறந்தபின்னும் அது தங்கியிருக்கும். எனவே விரிப்பு, தலையணை உறைகளை வாரந்தோறும் 60 பாகை வெந்நீரில் துவையுங்கள். குளிர்நீரில் துவைத்தாலும் கழிவு பெருமளவு நீங்கும். மெத்தையைத் தட்டும் பணி நோயாளிக்கு வேண்டா.

இவற்றைச் செய்தாலும் இன்ஹேலரை நீங்களாக நிறுத்தலாகாது. எல்லார்க்கும் இவ்விரண்டும் ஒவ்வாதவை அல்ல. தோல் பரிசோதனை அதனைத் தெளிவுபடுத்த உதவும். ஒவ்வாமை மாத்திரைகளைச் சோதனைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று முன்னரே கேட்டறியுங்கள். வரும்போது, வீட்டில் எவ்வறையில் ஈரம் கசிகிறது என்பதையும் குறித்து வாருங்கள்.