ஓதம் முதலில், பெயிண்ட் பிறகு

அன்புள்ள சகோதரிக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கணவன் மனைவி இருவருக்கும் வேலை, மூத்தவன் ஏழாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு, கட்டிப் பதினைந்து ஆண்டான சொந்த வீடு. செய்ய வேண்டிய வேலைகளை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதாகவும், ஒன்றை அடித்தால் இரண்டு சேர்ந்துவிடுவதாகவும், அந்தத் தாளைப் பார்த்தாலே சோர்வு வருவதாகவும் சொல்லியிருந்தீர்கள்.

பட்டியலை நிதானமாகப் படித்தேன். அதில் உள்ள வேலைகள் எல்லாம் ஒரே தரம் இல்லை. ஹால் சுவரில் சின்னவள் கிரேயானால் வரைந்த மயில் அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும். அதனால் ஒரு ரூபாய்கூடச் செலவு ஏறாது. பரணில் கிடக்கும் பழைய நோட்டுகளும் சரியாக மூடாத அலமாரிக் கதவும் அப்படித்தான். ஆனால் படுக்கையறைக் கூரையின் மூலையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓதம் இறங்கியிருப்பதாகக் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது காத்திருக்காது. தண்ணீர், கரண்ட், கேஸ் மூன்றில் எது சம்பந்தப்பட்டிருந்தாலும் உடனே பாருங்கள். மற்றதையெல்லாம் மே மாத விடுமுறைக்குத் தள்ளுங்கள். மனம் உறுத்த வேண்டியதில்லை.

அந்த ஓதத்தைப் பற்றி முதலில் ஒரு கேள்வி. மழையே இல்லாத ஆனி, ஆடியிலும் அந்த இடம் ஈரமாக இருந்ததா? இருந்தது என்றால் குற்றவாளி மழை இல்லை. மேலே உள்ள தொட்டியோ, அதிலிருந்து இறங்கும் குழாயோதான். காலையில் மோட்டார் போட்டு மறந்து, தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் தினமும் ஒரே மூலையில் விழுந்தாலே போதும். மழைக்காலத்தில் மட்டும் ஈரம் வந்தது என்றால் மொட்டை மாடித் தரையைப் பார்க்க வேண்டும். இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் கொத்தனாரைக் கூப்பிட்டால் அவர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்துவிட்டுப் போவார், ஓதம் அப்படியே இருக்கும்.

இப்போது புரட்டாசி. உங்கள் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் மழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும், தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆயுத பூஜைக்கு எப்படியும் வீட்டைக் கழுவித் துடைப்பீர்கள். இந்த ஆண்டு அதை மாடியிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் நான்கு பேரும் மேலே போங்கள். வாரியலால் கூட்டிவிட்டு, முதலில் மழைநீர்க் குழாயின் வாயைப் பாருங்கள். வேப்பஞ்சருகும் பாலித்தீன் பையும் கிரிக்கெட் பந்தும் அடைத்துக்கொள்கிற இடம் அது. அந்தக் குழாய் கீழே போய்ச் சேரும் மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் திறந்து பார்த்துவிடுங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமானது. உங்கள் வீட்டிலும் கட்டும்போதே போட்டிருப்பார்கள். பல வீடுகளில் அன்றைக்கு மூடியதுதான், பிறகு யாரும் திறப்பதில்லை. உள்ளே கூழாங்கல்லும் மணலும் சேறேறிக் கிடந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. எடுத்து அலசித் திரும்பப் போட வேண்டும்.

அடுத்து மாடியில் நாலைந்து வாளித் தண்ணீரை ஊற்றி, மூத்தவனிடம் ஒரு சாக்பீஸைக் கொடுங்கள். அரை மணி கழித்தும் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தைச் சுற்றி அவன் கோடு போடட்டும். அங்கேதான் வாட்டம் சரியில்லை. கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் மூலையில் கீறல் இருக்கிறதா, தட்டோடுகளுக்கு நடுவில் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்று சின்னவள் குனிந்து தேடட்டும். அந்த உயரத்துக்கு அவள் கண்தான் சரி. காக்கை போட்ட விதையில் முளைத்த அரசங்கன்று சுவரில் இருந்தால் தழையை மட்டும் கிள்ளாதீர்கள். வேர் உள்ளே இருந்தால் மறுபடி துளிர்த்துச் சுவரைப் பிளக்கும். வேரோடு தோண்டி எடுத்து, அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் கான்கிரீட் தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதற்கு மேல்தான் தட்டோடு. வாட்டமும் அதில்தான் கொடுப்பார்கள், வெயிலும் உள்ளே இறங்காது. அந்த வேலையை விட்டுவிட்டு வெறும் சிமெண்ட் பூச்சோடு நிறுத்திய வீடுகளில், வெயிலில் விரிந்தும் மழையில் சுருங்கியும் பூச்சு வெடித்துவிடுகிறது. அந்த வெடிப்பின் மேலேயே நீர்க்காப்பு பெயிண்ட் அடித்தால் நிற்காது. வெடிப்பைக் கீறித் திறந்து, அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு அடித்தால்தான் பிடிக்கும். ஈரத்தில் அடித்தால் கொப்புளித்து உரியும். அதனால் அடைமழை தொடங்குவதற்குள் இதை முடித்தாக வேண்டும். வேலை முடிந்ததும் குழாய் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி வையுங்கள். கீழே கூரை காய்ந்தே இருந்தால் கொத்தனாருக்கு மீதிப் பணத்தைக் கொடுங்கள். இதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

பொங்கலுக்குள் அந்தப் படுக்கையறைக்கு பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஆண்டு வேண்டாம். உப்புப் பூத்த சுவர் உள்ளே காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். பங்குனி வெயிலில் காய்ந்த பிறகு, உப்பைச் சுரண்டித் துடைத்து, பட்டி பார்த்து அடித்தால் அந்தப் பணம் நிற்கும்.

குளியலறைக்கு வருகிறேன். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயில் ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர் போகிறது. பெரும்பாலும் வாஷரை மாற்றினாலே நின்றுவிடும். கேட் வால்வை மூடிவிட்டுக் கழற்ற வேண்டும் என்பதை மூத்தவனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். ஃப்ளஷ் தொட்டி உள்ளுக்குள் ஒழுகுகிறதா என்று பார்க்க, இரவு அதில் பீட்ரூட் சாற்றை ஊற்றிவையுங்கள். ஃப்ளஷ் செய்யாமலேயே காலையில் கோப்பையில் சிவப்பு தெரிந்தால் ஒழுகுகிறது. விருந்தாளி அறைக் குளியலறையில் நாற்றமும் கரப்பானும் வருவதாகச் சொன்னீர்களே, தரை ஜாலிக்குக் கீழே நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். வாரம் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள்.

கரண்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்றை வலியுறுத்துகிறேன். நாம் ‘ட்ரிப்பர்’ என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. எம்.சி.பி. வயர் எரியாமல் காக்கும். ஷாக் அடிக்கும்போது ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. மட்டும்தான். வீடுகளில் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிப்பது. அதில் ‘டி’ என்று போட்ட சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றாலோ, அப்படி ஒன்றே உங்கள் பலகையில் இல்லை என்றாலோ, அன்றைக்கே எலக்ட்ரீஷியனை வரச்சொல்லுங்கள். ஈரக் கையோடு குழந்தைகள் ஓடுகிற வீட்டில் இதற்கு மேல் அவசரம் வேறு இல்லை.

இனி, உங்கள் சோர்வு. வேலையைவிட, எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே நினைவில் வைத்திருப்பதுதான் உங்களை வாட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘சொன்னால் செய்துவிடுவார்’ என்று உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சொல்வதே ஒரு வேலை அல்லவா? தண்ணீர் முழுவதையும் அவரிடம் ஒப்படையுங்கள்: ஒழுகுவதைக் கவனிப்பது, வாஷர் வாங்குவது, ப்ளம்பரைப் பிடிப்பது, கூலி கொடுப்பது எல்லாமே. அவர் ஒரு வாரம் தாமதித்தாலும் நடுவில் புகுந்து நீங்கள் எடுத்துச் செய்யாதீர்கள்.

சின்னவளுக்கு வெள்ளிக்கிழமைக் கொசு வேட்டை. ஃப்ரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டுகள், கொல்லையில் கிடக்கும் சிரட்டை. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் தவறக் கூடாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது; ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். தேங்காய் நாரால் தேய்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

மூத்தவனுக்கு கேஸ். சிலிண்டர் வந்ததும் கைப்பிடி வளையத்தின் உள்பக்கம் பார்க்கட்டும். ஏ, பி, சி, டி என்ற எழுத்து காலாண்டு, பக்கத்தில் உள்ள எண் ஆண்டு. ‘சி 27’ என்றால் 2027 ஜூலை முதல் செப்டம்பர் வரை. அதற்குப் பிறகு மறுசோதனை செய்தே தர வேண்டும். காலம் கடந்ததைத் திருப்பி அனுப்பலாம். ரெகுலேட்டரை மூடுவது, மெயின் சுவிட்சை அணைப்பது, கேட் வால்வை அடைப்பது மூன்றும் இரண்டு பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். பெரியவர்கள் வீடு திரும்புமுன் அவர்கள் தனியாக இருக்கும் மாலை நேரத்துக்கு அது வேண்டும்.

ஒன்று உங்கள் பட்டியலில் இல்லை. அடுப்புக்குப் போகும் கேஸ் டியூபின் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால், வெடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். இன்று இரவே பார்த்து, என்ன தேதி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி